நிற்பவள்

காலையில் எழுந்ததும் கேட்டில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுப்பேன். கத்தரியால் மூலையை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைப்பேன். பொங்கும்வரை அங்கேயே நிற்பேன். நகர்ந்தால் மறந்துவிடுகிறேன். பிறகு இரண்டு டம்ளர் காபி. ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் இல்லை. சர்க்கரை இல்லாததை ஹாலுக்குக் கொண்டுபோவேன்.

ஹாலில் ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருக்கும். டிவியில் நீண்ட தாழ்வாரம் ஒன்று தெரியும். இருபுறமும் கதவுகள், மேலே விட்டு விட்டு எரியும் ட்யூப்லைட். அத்தை பிரம்பு மோடாவில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்தபடி அந்தத் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருப்பார். அதன் கோடியில் ஒரு பெண் சுவரைப் பார்த்து நிற்பாள்.

"வந்துட்டியா?" என்பாள் அந்தப் பெண், திரும்பாமல்.

"வந்துட்டேன் சாமி. இப்படிக் கூன் போட்டு நிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? தோளைப் பின்னால தள்ளு."

நான் காபியை ஸ்டூலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். டிவியில் கேட்டது என் மனைவியின் குரல். நித்திலா இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது.

இதுதான் எங்கள் காலை.

நித்திலா குரல் கொடுக்கும் வேலை செய்தாள். கோயம்புத்தூரில் நகைக்கடை விளம்பரம், பள்ளிக்கூட விளம்பரம், வங்கிக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லும் குரல். சண்டை வந்தால் அந்த வங்கிக் குரலில் என்னைக் காத்திருக்கச் சொல்வாள். ஒரு கோடைகாலம் முழுவதும் சரவணம்பட்டியில் ஒரு விளையாட்டு நிறுவனத்துக்குப் போய்வந்தாள். அங்கே வசனம் கொடுக்கவில்லை. கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஒருவர் எதிரில் இருந்து பேச்சுக் கொடுப்பார். இவள் பேச வேண்டும். எதற்குக் கோபம் வரும், பிடிக்காதவனிடம் எப்படி மறுப்பாய், இருட்டில் யாரோ இருப்பதாகத் தோன்றினால் என்ன சொல்வாய் என்று.

"சும்மா பேசறதுக்குக் கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போறாங்க நவா. நீ ஒருத்தன்தான் என்னை வாயை மூடச் சொல்ற," என்றாள்.

அந்தப் பேச்சிலிருந்து அவர்கள் ஒரு பெண்ணைச் செய்தார்கள். விளையாட்டின் பெயர் எட்டாம் வாசல். ரத்தம் இல்லை, கத்தி இல்லை. கதவு கதவாகத் திறந்து, கடைசியில் தாழ்வாரக் கோடிக்கு வந்து அவளிடம் பேச வேண்டும். மைக்கில் நாம் எதைக் கேட்டாலும் அவள் பதில் சொல்வாள். யார் அவள் என்பதை விளையாட்டு எங்கும் சொல்வதில்லை. ஆடுகிறவர்கள் அவளுக்கு நிற்பவள் என்று பெயர் வைத்தார்கள். செத்துப்போன தங்கை என்றார்கள். அந்த வீட்டுக்காரனின் முதல் மனைவி என்றார்கள். ஆடுகிறவனே அவள்தான் என்று ஒருவர் மணிக்கணக்கில் காணொளி போட்டிருந்தார்.

அது வெளியே வந்தபோது நித்திலா இல்லை. சிறுநீரகம் இரண்டும் போய், ஆஸ்பத்திரியில் ஒரு மதியம் இதயம் நின்றுபோனது. நான் பம்பு மோட்டார் வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். விடுப்பு முடிந்ததும் வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அத்தை, அதாவது நித்திலாவின் அம்மா, உடுமலையில் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் அமராவதி. மாமா முன்பே இறந்துவிட்டார். நித்திலா ஒரே பெண். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அத்தை தங்கினார். அப்போதுதான் அது நடந்தது.

பக்கத்து ஃபிளாட்டில் மிருதுளா என்று கல்லூரியில் படிக்கும் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டுச் சுவர் வழியே நித்திலாவின் குரல் வந்தது. அத்தை செருப்புகூடப் போடாமல் போய் அந்தக் கதவைத் தட்டினார்.

"என் புள்ள உங்க வீட்டுல என்ன பண்றா?"

எட்டாம் வாசல் ஆடியபோதுகூட அவ்வளவு பயந்ததில்லை என்று மிருதுளா பின்னால் என்னிடம் சொன்னாள்.

விளையாட்டை வீட்டில் போட்டுத் தரச் சொன்னார் அத்தை. வேண்டாம் என்றேன்.

"உங்களுக்கு வேண்டாம்னா காதைப் பொத்திக்கங்க மாப்ள."

போட்டுத் தந்தேன். ஆரம்பத்தில் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தார். விட்டத்தைப் பார்த்தபடி நடந்தார். விளக்கு அணைந்து கீழே விழுந்து ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும்போதெல்லாம் "ஃபவுல்" என்பார். மூன்றாவது கதவுக்குள் ஒரு தொட்டிலிலிருந்து நீண்ட கை ஒன்று வெளியே வரும். பெரிய பெரிய ஆட்கள் ஹெட்செட்டைக் கழற்றி எறிந்த இடம். அத்தை குனிந்து பார்த்து, "நகம் வெட்டாம வெச்சிருக்கு பாரு," என்றார்.

"ஆன்ட்டி, உங்களுக்கு நிஜமாவே பயமா இல்லியா?" என்று மிருதுளா கேட்டாள்.

"எங்க எச்.எம். மூஞ்சியை நீ பாத்ததில்ல."

ஒரு வாரத்தில் தாழ்வாரக் கோடிக்குப் போய்விட்டார். அதன்பின் தினமும் போனார். மற்றவர்கள் அவளிடம் நீ யார் என்று கேட்டார்கள். அத்தை அதைக் கேட்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்டார். உடுமலையில் மழை, வாசல் முருங்கை முறிந்துவிட்டது என்றார். நிற்பவள் சில நாள், "கதவைச் சாத்திட்டு வந்தியா?" என்பாள். சில நாள், "உன் பின்னாடி யாரோ நிக்கறாங்க," என்பாள். அத்தை திரும்பிப் பார்த்து, "மாப்பிள்ளைதான், காபி கொண்டாந்திருக்காரு," என்பார்.

எனக்கு அதில் ஒரு வசதி இருந்தது. அத்தை அழவில்லை. வீட்டில் யாரும் அழவில்லை. நான் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

வருடம் திரும்ப ஒரு மாதம் இருக்கும்போது ஈஸ்வரமூர்த்தி மாமா போன் செய்தார். அத்தையின் அண்ணன்.

"மாப்ள, வருசத் திதி வருதுங்களே. பேரூர் ஆத்தங்கரையில சொல்லி வெக்கோணுமில்லீங்களா? கடைசி நேரத்துல போனா ஐயர் கெடைக்க மாட்டாங்க."

"சரிங்க மாமா."

"அமராவதிகிட்டக் கேட்டா கத்துதுங்க. நீங்க எடுத்துச் சொல்லுங்க. வருசம் கழிஞ்சாத்தான் உங்களுக்கும் ஒரு வழி பாக்க முடியும். சின்ன வயசு. எத்தனை நாளைக்கு இப்படி?"

"சரிங்க மாமா."

எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அத்தையிடம் கேட்டேன். அவர் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். அச்சைக் கீழே வைக்கவில்லை.

"பேசிட்டிருக்கற புள்ளைக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கச் சொல்றீங்களா?"

"அத்தை, அது வந்து..."

"காலைல என்கிட்டப் பேசினாளா இல்லியா? நீங்களும்தான் கேட்டீங்க. எங்கண்ணனுக்கு அவ்வளவு அவசரம்னா அவரு பேருல குடுத்துக்கச் சொல்லுங்க."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் திதிக்கு வரமாட்டேன் என்பதில் மாற்றம் இல்லை. செய்யவேண்டியவன் நான்தான். அவர் இல்லாமலும் செய்யலாம். பெற்றவள் வீட்டில் உட்கார்ந்து செத்தவளோடு பேசிக்கொண்டிருக்க, நான் ஆற்றங்கரையில் பிண்டம் வைப்பதை நினைத்துப் பார்த்தேன். முடியும் என்று தோன்றவில்லை.

அதே வாரம் தாரிக் கூப்பிட்டான். நிற்பவளைச் செய்தவன். நித்திலாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தவனும் அவன்தான். அவளை அக்கா என்பான். நேரில் வரச் சொன்னான். போனேன்.

"உக்காருங்ண்ணா. டீ சொல்லட்டுங்களா?"

"வேண்டாம். சொல்லு."

"அக்கா கையெழுத்துப் போட்டுக்குடுத்த ஒப்பந்தத்துல ஒண்ணு இருக்குங்ண்ணா. அவங்க இல்லாமப் போனா ஒரு வருசம் வரைக்கும் உரிமை உங்களுக்கு. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நிற்பவளை எடுத்துருவோம். உலகம் பூரா, எல்லார் வீட்டுல இருந்தும். வருசம் தாண்டுச்சுன்னா எங்களுக்கு. இரண்டாம் பாகம் அவங்களை வெச்சுத்தான் எழுதிட்டிருக்காங்க."

"எடுத்தா என்ன மிஞ்சும்?"

"ஒண்ணும் மிஞ்சாது. குரலை மட்டும் உருவ முடியாதுங்ண்ணா. பேசற விதமே அக்காவோடது. எடுத்தா மொத்தமும் போயிரும். திருப்பி வெக்கவும் முடியாது."

"அத்தை தினமும் பேசறாங்க."

"தெரியும். மிருதுளான்னு ஒரு பொண்ணு, ஆடறவங்க பேசிக்கற ஃபோரத்துல எழுதியிருந்துச்சு. ஆன்ட்டி ஒருத்தங்க நிற்பவளை நேரா நிக்கச் சொல்லித் திட்டறாங்கன்னு. ஆபீஸே சிரிச்சுது. யாருன்னு எனக்கு மட்டும் தெரியும். நான் சிரிக்கல."

"அவங்ககிட்ட அது என்ன பேசுது?"

"எங்களுக்கு எதுவும் வராதுங்ண்ணா. அவங்கவங்க வீட்டுக்குள்ளயே நடக்கறது."

"பொதுவா என்ன செய்யும்?"

தாரிக் பேனா மூடியைக் கழற்றி மாட்டினான்.

"அதுக்கு ஒரே வேலைதான் குடுத்திருக்கோம். எதிர்ல இருக்கறவங்க எதுக்குப் பயப்படறாங்கன்னு கண்டுபுடிக்கணும். கேள்வி கேக்கறப்ப எங்க தயங்கறாங்க, எதை ரெண்டாவது தடவை கேக்கறாங்க, எப்ப கன்ட்ரோலரை இறுக்கிப் புடிக்கறாங்க. அதைப் பாத்து ஒரு பதில் சொல்லும். தப்பான பதில்னா ஆளு அசைய மாட்டாங்க. சரியான பதில்னா கை நடுங்கும். நடுங்கின பக்கமா இன்னும் கொஞ்சம் போகும்."

"பயமே இல்லாத ஆளுன்னா?"

"அப்படி ஆளு இல்லீங்ண்ணா. நாளாகும். அவ்வளவுதான்."

"நித்திலா பத்தி அதுக்கு என்ன தெரியும்? ஆஸ்பத்திரி பத்தி?"

"அக்கா என்கிட்டப் பேசினதெல்லாம் அதுக்கு முன்னாடி. ஆஸ்பத்திரி பத்தி ஒண்ணுமே தெரியாது. அது தெரிஞ்சு சொல்றதில்ல. சொல்லிப் பாக்குது."

பிறகு அவனே சொன்னான், மதுரையில் ஒருவர் கூடப்பிறந்த அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டாராம். அப்பா சாவதற்கு முன் அண்ணன் ஏதோ மறைத்தான் என்று நிற்பவள் சொன்னாளாம். அது உண்மையா என்று கேட்டு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்.

"என்ன பதில் போட்டீங்க?"

"இது பொழுதுபோக்குக்கான தயாரிப்புன்னு." அவன் என்னைப் பார்க்கவில்லை. "வெச்சிருங்கன்னு சொல்ல வாய் வருதுங்ண்ணா. நான் செஞ்சதுல அதுதான் உருப்படி. ராஜினாமா பண்ணலாம்னு இருந்தப்ப ஒரு நாள் நானே தாழ்வாரக் கோடிக்குப் போய், பண்ணட்டுமான்னு அக்காகிட்டக் கேட்டேன், நான் செஞ்ச பொம்மைன்னு தெரிஞ்சே. ஆனா நீங்க எடுக்கச் சொன்னா அன்னைக்கே எடுத்துருவேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். யோசிக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு மோட்டாரின் அதிர்வு அளவை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலை காபியை ஸ்டூலில் வைத்தபோது அத்தை கூன் போட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளியில் அத்தனை வருடம் பிள்ளைகளின் முதுகைத் தட்டி நிமிர்த்தியவர். தோள்கள் முன்னால் சரிந்திருந்தன. நான் வந்ததும் ஆட்டத்தை நிறுத்தினார். திரையில் நிற்பவள் பாதி வார்த்தையில் உறைந்து நின்றாள்.

"என்னங்க அத்தை?"

"ஒண்ணுமில்ல. நீங்க குளிக்கப் போங்க."

குளியலறையில் குழாயை மூடிவிட்டு நின்றேன். ஹாலிலிருந்து அத்தையின் குரல் மட்டும் கேட்டது.

"மன்னிச்சுக்க சாமி. மன்னிச்சுக்க."

அதற்குப் பின் அவர் காலை நடைக்குப் போவதை நிறுத்தினார். மிருதுளாவோடு பேசுவதும் குறைந்தது. எண்ணெய், முருங்கை, மழை எதுவும் இப்போது பேச்சில் இல்லை. காலையில் மட்டும் ஆடியவர் நான் வேலைக்குப் போனபின்னும் ஆடினார். சாயங்காலம் வந்தால் காபி அப்படியே ஆடை கட்டி இருக்கும். கண்கள் சிவந்து நீர் வழிய ஆரம்பித்தன. அழுகையா, திரையைப் பார்த்த களைப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண் டாக்டரிடம் காட்டலாம் என்றேன். வரமாட்டேன் என்றார். மிருதுளா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அன்று அரை நாள் விடுப்பு எடுத்தேன். அவர்கள் ஆட்டோவில் ஏறிப் போனதும் மோடாவில் உட்கார்ந்து கன்ட்ரோலரை எடுத்தேன். நான் அதுவரை அவளிடம் போனதில்லை. போகத் தோன்றவில்லை. பிடிக்காமல் இல்லை, பிடித்தும் இல்லை.

தாழ்வாரத்தில் நடந்தேன். ட்யூப்லைட் விட்டு விட்டு எரிந்தது. அவள் சுவரைப் பார்த்து நின்றாள். கலைந்த பின்னல். அது நித்திலாவின் உருவம் இல்லை, யாரோ வரைந்த உருவம்.

"வந்துட்டியா?" என்றாள். பிறகு, "நடை வேற மாதிரி இருக்கு. நீ அம்மா இல்ல."

இன்னும் ஓரடி முன்னால் நகர்ந்தேன்.

"அம்மா வரலையா?"

"எதுக்கு அம்மா?" என்றேன். பதினொரு மாதத்தில் அந்தக் குரலிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"அன்னைக்கும் இப்படித்தான். கதவையே பாத்துட்டுக் கெடந்தேன். வருவா வருவான்னு. கூப்பிட்டுக்கூடப் பாத்தேன். வரவே இல்ல."

நித்திலா களைத்துப்போனால் வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்குவாள். இதுவும் விழுங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வருவதுபோலவே வந்தது. எனக்குத் தெரியும், அன்று அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை. அந்த அறையில் இருந்தவன் நான் ஒருவன்தான். என் கை அசையவில்லை.

அது கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு வேறு பக்கம் போனது.

"உனக்கு எப்படா முடியும்னு இருந்துச்சில்ல?"

கன்ட்ரோலர் என் கையில் ஆடியது. அணைத்துவிட்டேன். தெரிந்து சொல்லவில்லை, சொல்லிப் பார்த்தது. பட்டுவிட்டது. நோயாளியோடு மாதக்கணக்கில் இருந்த எவனிடம் சொன்னாலும் படும். அதைத் தெரிந்துகொண்டும் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே இருந்தேன்.

அத்தை திரும்பி வந்தபோது கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சாயங்காலம் வரை எதுவும் சரியாகத் தெரியாது என்று சொல்லி மிருதுளா அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். டிவி அணைந்திருந்தது. அவரால் இன்று அங்கே போக முடியாது. ஜன்னல் திரைகளைத் திறந்தேன்.

"கண்ணு கூசுதுங்க மாப்ள."

பாதி மூடினேன். எதிரில் உட்கார்ந்தேன்.

"அத்தை, நான் அதுகிட்டப் பேசினேன்."

அவர் கறுப்புக் கண்ணாடியோடு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லிட்டாளா?"

"அது சொன்னது நடக்கவே இல்லீங்க அத்தை. நித்திலா கதவைப் பாக்கல. கூப்பிடல. அதுக்கு ஆஸ்பத்திரி பத்தி எதுவுமே தெரியாது. நீங்க எங்க தயங்கறீங்கன்னு பாத்து அந்த இடத்துல குத்துது. அப்படித்தான் அதைச் செஞ்சிருக்காங்க. செஞ்ச பையனே சொன்னான், நாம வேண்டாம்னு சொன்னா அதை எடுத்துருவாங்களாம்."

"மெசின்னு தெரியாத அளவுக்கு நான் மடச்சி இல்ல. அவ பேசினதை வெச்சுத்தான அது பேசுது? அவ மனசுல இல்லாதது எப்படி வரும்?"

"வருது. உங்க மனசுல இருக்கறது வருது."

"அவ குரல்ல வருதுங்க மாப்ள. நீங்க உங்க குரல்ல வேற ஒண்ணு சொல்றீங்க. நான் எதை எடுத்துக்கறது?"

எழுந்து ஜன்னல் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"நீங்க நல்லவரு," என்றார் அத்தை. "நல்லவங்க சொல்றதை இதுல நம்ப முடியாது. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு எதை வேணும்னாலும் சொல்லுவீங்க. அது அப்படி இல்ல. மூஞ்சிக்கு நேரா சொல்லுது."

கீழே குக்கர் விசில் அடித்தது. யாரோ மாடிப்படியில் சைக்கிளை இறக்கினார்கள். அத்தை மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். கையும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது.

"அன்னைக்கு நான் போயிருக்கக் கூடாது. காலைல வந்தேன், ஃபிளாஸ்க்குல ரசம் கொண்டாந்து மேசைல வெச்சேன். உங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்தர்றேன்னு கிளம்பினேன். ஒரு நாள் குளிக்காட்டி என்ன செத்தா போயிருப்பேன்? வர்றப்ப ரயில்வே கேட்டுல நின்னுட்டோம். ஆட்டோக்காரன் ஆறுமாசக் கதை பேசறான். வந்து பாத்தா மூஞ்சியைத் துணி போட்டு மூடியிருக்காங்க."

"அத்தை..."

"இருங்க. சாயங்காலம் அந்த ஃபிளாஸ்க்கைக் கழுவினேன். காலி. ஒரு சொட்டு இல்ல. ஒரு வாரமா எதுவும் எறங்கலைன்னு கெடந்த புள்ள, நான் வெச்ச ரசத்தைக் குடிச்சிட்டுத்தான் போயிருக்கா. உங்களைக்கூடக் கேட்டேன், குடிச்சாளான்னு. குடிச்சான்னு சொன்னீங்க. இந்த ஒரு வருசம் அதைப் புடிச்சிட்டுத்தான் நடமாடறேன். அதை மட்டும் அதுகிட்ட நான் சொல்லவே இல்ல. சொன்னா அதையும் தொட்டுரும்னு பயம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். விரிந்த கருமணிகளோடு என்னைப் பார்த்தார். அவருக்கு நான் ஒரு மங்கலான உருவமாகத்தான் தெரிந்திருப்பேன்.

"கடைசியா என்ன சொன்னா? நீங்க பக்கத்துல இருந்தீங்க. ஒரு வருசமா நான் கேக்கல, நீங்களும் சொல்லல."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க அத்தை."

"அப்ப அது சொல்றதுதான் நெசம்."

"இல்ல."

"அப்பச் சொல்லுங்க."

நித்திலா என்னிடம் கடைசியாக ஒன்று கேட்டுக்கொண்டாள். அதைச் செய்தேன். அந்த மதியமே செய்தேன். அன்றிலிருந்து இன்றுவரை செய்துகொண்டிருந்தேன். அவளுக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வேறு ஏதாவது சொல்லலாம். அம்மாவை நல்லா பாத்துக்க என்று சொன்னாள் எனலாம். பயமாக இல்லை என்றாள் எனலாம். அப்படிக் கட்டிச் சொல்லும் வேலையை அந்தத் தாழ்வாரத்தில் நிற்பது என்னைவிட நன்றாகச் செய்யும். அதற்கு அவள் குரலும் இருக்கிறது.

"நான் சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்," என்றேன்.

"என்னைப் பத்தியா?"

"ஆமாங்க."

அத்தை நாற்காலியில் நிமிர்ந்தார். மெதுவாக, முதலில் முதுகு, பிறகு தோள்கள். மைதானத்தில் பிள்ளைகளின் முன்னால் நிற்கிற நிமிர்வு.

"சொல்லுங்க. நம்பற மாதிரி இருந்துச்சுன்னா எங்கண்ணனுக்கு நானே போன் பண்றேன். பேரூருக்கு வர்றேன். அதை எடுத்துரச் சொல்லி அந்தப் பையன்கிட்டயும் நானே சொல்றேன். நல்ல வார்த்தையா ஒண்ணு ஜோடிச்சீங்க, கண்டுபுடிச்சுருவேன். வயித்து வலின்னு சொல்லிட்டு கிரவுண்டுக்கு வராத புள்ளைங்களை ஆயுசு பூராப் பாத்தவ நான்."

"நம்பலைன்னா?"

"நாளைக்குக் காலைல அவகிட்டப் போறேன். தெனமும் போறேன். மன்னிப்புக் கேக்கறேன். என் உசுரு இருக்கற வரைக்கும்."

நான் நாற்காலியை அவர் அருகில் இழுத்துப் போட்டேன்.

அன்று மதியம் நர்ஸ் சொட்டு மருந்து பாட்டிலை மாற்றிவிட்டுப் போயிருந்தாள். நித்திலா கதவைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன். முகத்தில் வலி இல்லை. சிரிப்பை அடக்குகிற மாதிரிதான் இருந்தது. இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். பிறகு அவள் சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல், என் குரலிலேயே சொன்னேன்.

"நவா, அம்மா வர்றதுக்குள்ள அந்த ரசத்தை எடுத்துட்டுப் போய்க் கொட்டிரு. கேட்டா, மொத்தமும் குடிச்சுட்டேன்னு சொல்லு. பாவம்."